சுண்டு வேண்டுமென்று போடவில்லை

ஞாயிறு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே அடுப்பும் நாங்களும் சூடு குறையாமல் இருக்கிறோம். தீவில் காற்றும் நீயும் எப்படி? மழைமானியைக் காற்று தூக்கிக்கொண்டு போனதையும், நீ அதைத் துரத்திக்கொண்டு பாறையெல்லாம் ஓடியதையும் பெரியவன் நாலு தடவை வாசித்துச் சிரித்தான். வானிலை நிலையத்தில் வேலை என்றால் நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். நம் கடையில் ரொட்டியாவது வைத்த இடத்தில் இருக்கும்.

கடைச் செய்தி முதலில். மாவு பிசையும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து இரண்டு நாள் கையாலேயே பிசைந்தோம். நம் மாவுக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மூன்றாம் நாள் புதுப் பெல்ட் வந்ததும்தான், "இது இன்னும் ஒரு நாள் வராம இருந்தா நான் வேற ஊருக்குப் போயிருப்பேன்" என்றார்.

இனி எழுதப்போவதைப் பயப்படாமல் வாசி. பெரியவனுக்கு இரண்டு வாரமாக வலது முழங்காலில் வலி. மாடிப்படி ஏறினால் முகம் சுளிக்கிறான். மூலைக் கிளினிக்கில் காட்டினேன். ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். வந்த காகிதத்தில் ஏ.எஸ்.ஓ. என்று ஒரு வரி. தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப் என்கிற கிருமியோடு சண்டை போட உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவாம் அது. இருநூறுக்குள் இருக்கவேண்டும் என்று பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. நம் பிள்ளைக்கு முந்நூற்றுப் பத்து. கிளினிக் டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்து, அடுத்த வாரம் காட்டுங்கள் என்றார்.

அதோடு நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் காலால் நடந்து போய்க் கெட்டேன். காகிதத்தை மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது ருமாட்டிக் காய்ச்சல்தான். தொண்டையில ஆரம்பிக்கும், மூட்டுக்கு வரும், கடைசியில இதய வால்வுல போய்க் குடியேறிடும்" என்றார். அன்று சுட்ட ரொட்டி முழுவதிலும் உப்பில்லை. வாங்கிப் போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்து சொன்னார்கள். மற்றவர்கள் நல்லவர்கள்.

செய்தி கேட்டு உன் அக்கா ஒரு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். பெரியவன் கால் தரையில் படக்கூடாது என்று உத்தரவு. நம் ராஜா இப்போது கட்டிலில் இரண்டு தலையணை போட்டுச் சாய்ந்திருக்கிறார். வேண்டியதற்குக் கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் பன். மூன்று தட்டு எதற்கு என்று அவருக்கே இன்னும் முடிவாகவில்லை.

கவலை பெரியவனைப் பற்றி. கோபம் சுண்டுவைப் பற்றி. அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொன்னால் வழியிலேயே டம்ளரைப் போடுகிறாள். இந்த வாரம் மூன்று கண்ணாடி டம்ளர் போயிற்று. வியாழக்கிழமை முட்டைத் தட்டு. முப்பதும் தரையில். கடை நிறைய ஆள். "கையில என்ன ஓட்டையா?" என்று கத்திவிட்டேன். "நான் போடலப்பா, அதுவா விழுந்துச்சு" என்றாள். "முட்டைக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த நிமிடம் மாவு மூட்டைக்குப் பின்னால் போய் ஒரே அழுகை. இப்போதெல்லாம் இப்படித்தான், சிரிப்பும் அழுகையும் ஒரே பையில் வைத்திருக்கிறாள்.

பள்ளியிலிருந்தும் டீச்சர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறதாம். ஓரிடத்தில் உட்காருவதில்லையாம். போதாக்குறைக்கு டீச்சரைப் பார்த்து முகத்தைக் கோணிக்காட்டுகிறாளாம். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்லியும் பத்தாவது முதலாவதைவிட மோசம். உன் அக்கா சொல்வது, "அண்ணனைத் தாங்குறீங்கல்ல, அந்தப் பொறாமை. கண்டுக்காம விடுங்க, தானா அடங்கும்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறேன். என் பக்கமா, உன் பக்கமா என்ற விசாரணையை நீ வந்தபிறகு வைத்துக்கொள்வோம்.

ஒருத்தனுக்கு இருந்தால் இன்னொருத்திக்கும் இருக்கலாமே என்று உன் அக்கா பிடிவாதம் பிடித்ததால் சுண்டுவுக்கும் ரத்தம் எடுத்தோம். அவளுக்கு நூற்றெழுபதுதான். "அண்ணன் பெயில், நான் பாஸ்!" என்று கத்திக்கொண்டே அந்தக் காகிதத்தை அண்ணன் கட்டிலுக்கு நேர் மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். கோணலாகத்தான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நீ அங்கே மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அதற்கு இங்கே நான் இருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ரொட்டிக்காரன்


சனி

அன்புள்ளவளுக்கு,

இந்தக் கடிதத்தைப் படகுத்துறையில் நின்றபடி பிரிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து வாசி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். யார் உயிருக்கும் ஆபத்தில்லை. இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். சுண்டுவை வீட்டில் விட்டால் மிச்சமிருக்கிற டம்ளர்களுக்கு யார் பொறுப்பு? அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அவளையும் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பேனாவைக் கொண்டையில் செருகிவைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிற ஆள். பெரியவனை நடக்கச் சொன்னார், குதிக்கச் சொன்னார், மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்திருந்த இடத்தை ஒரே ஒரு விரலால் அழுத்தினார். பெரியவன் "ஐயோ" என்றான். "பந்து விளையாடுவியா?" என்று கேட்டார். தினமும் இரண்டு மணி நேரம் என்றான். "அவ்வளவுதான். வளர்ற வயசுல ஓவரா உதைச்சா இந்த இடம் வலிக்கும். கொஞ்ச நாள் பந்தை விட்டுட்டு நட" என்றார். மூட்டு வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை, இதயத்தில் ஒரு குறையுமில்லை. நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகலாம் என்றதும் ராஜாவின் முகம் விழுந்ததைப் பார்க்கவேண்டுமே!

நான் விடவில்லை. முந்நூற்றுப் பத்து என்னாச்சு என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த இருநூறு பெரியவர்களுக்கான கோடாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் மாறி மாறித் தொண்டைப் புண் வரும், அதனால் நோய் ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்கே இந்த அளவு உயர்ந்திருக்கும், முந்நூறு சொச்சம் சாதாரணமாகப் பார்க்கிறோம் என்றார். நான் தலையாட்டியது அவருக்குப் போதவில்லைபோல. "உங்க வீட்டுல கழுவாத தட்டு நிறையக் கிடந்தா விருந்தாளி வந்துட்டுப் போயிருக்காங்கன்னு தெரியும். சண்டை நடந்துச்சான்னு தட்டைப் பாத்துத் தெரியுமா? இந்த நம்பர் வெறும் தட்டு. ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கணும்னா பிள்ளையைத்தான் பாக்கணும்" என்றார்.

எனக்கு வந்த நிம்மதியில் அவருக்கு ஆயுள் முழுக்க ரொட்டி அனுப்புவதாக வாக்குக் கொடுக்கப்போனேன். அதற்குள் சுண்டு. சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நெளிகிறாள், தோளைக் குலுக்குகிறாள், விரல்கள் பாட்டுக்கு எதையோ வாசிப்பதுபோல் ஆடுகின்றன. மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தட்டிவிட்டாள். "ஒழுங்கா உக்காரு!" என்று அதட்டினேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளையே பார்த்தபடி, "அவளைத் திட்டாதீங்க. அவளால முடியாது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். விளையாட்டுப்போல நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினாள், நிற்கவில்லை, ஓணான்போல உள்ளே போய்விட்டது. கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். விரல்கள் தாமாக அசைந்தன. தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு என்னையும் விரலைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பிடி இறுகுகிறது, தளர்கிறது, இறுகுகிறது, தளர்கிறது. அவளோ பல்லைக் கடித்து முழுப் பலத்தோடு பிடித்திருக்கிறாள். எட்டு வருடமாகப் பிடித்த கை. எனக்குத் தெரியாமல் போயிற்று.

தூங்கும்போதும் இப்படி ஆடுமா என்று கேட்டார். இல்லை. விடியற்காலையில் அடுப்புக்குப் போகுமுன் போர்வையைச் சரிசெய்வேன். பொம்மைபோல் அசையாமல் படுத்திருப்பாள். சில மாதங்களுக்கு முன் தொண்டை வலி, காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். நீ படகேறிய வாரம் வந்தது. உனக்கும் நினைவிருக்கும். கழுத்தில் உன் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் துறைக்கு வந்தாள்.

இதுவும் ருமாட்டிக் காய்ச்சல்தானாம். பெரியவனுக்கு இருக்கிறது என்று ஊரே பயந்தது இவளுக்கு இருந்திருக்கிறது. மூட்டைத் தொடவே இல்லை, கைகால் அசைவை ஆட்டிவைக்கிற வகை. எழுத்து கிறுக்கலானது, முகம் கோணியது, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது எல்லாம் அதன் வேலை. நூற்றெழுபதுதானே இருக்கிறது என்றேன். இந்த வகை, தொண்டைப் புண் ஆறிப் பல மாதம் கழித்துத் தலைகாட்டுமாம். அதற்குள் அந்த அளவு இறங்கிவிடும். "விருந்தாளி போய் நாலு மாசம் ஆச்சு, தட்டெல்லாம் கழுவி அடுக்கியாச்சு. ஆனா அவங்க போட்ட சண்டை இப்பதான் வெளிய தெரியுது" என்றார். மெதுவாக இறங்குகிற இன்னொரு எதிர்ப்புப் பொருள் உண்டாம். அதற்காக மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அது இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வால்வில் சிறு கசிவு. மறைக்காமல் எழுதுகிறேன். சிறியதுதான், இப்போதே தெரிந்தது நல்லது என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. தவறவே கூடாது. இருபத்தொரு வயது வரைக்கும். மறுபடி தொண்டைக் கிருமி வராமல் காத்தால் வால்வு தேறவும் வாய்ப்பு உண்டாம். கை ஆட்டம் சில வாரத்திலோ சில மாதத்திலோ முழுதும் அடங்கிவிடும் என்றார்.

இதையெல்லாம் சுண்டு ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "அப்ப நான் வேணும்னு போடலதானே?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். இல்லடா கண்ணு என்றார் அவர். "அதை எழுதித் தருவீங்களா? எங்க டீச்சருக்கும் பெரியம்மாவுக்கும் காட்டணும்." டாக்டரம்மா பேனாவைத் தேடினார். கொண்டையில் இருக்கிறது என்று சுண்டுதான் சொன்னாள். மருந்துச் சீட்டில் எழுதினார்: இந்தக் குழந்தை எதையும் வேண்டுமென்று கீழே போடவில்லை. கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தினார். சுண்டு அதை ஊதி உலர்த்தி, அண்ணனிடம் கொடுத்துப் பத்திரமாக மடிக்கச் சொன்னாள். பெரியம்மாவுக்கும் டீச்சருக்கும் என்றாளே, என் பெயரைச் சொல்லவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன் என்பதாலா, அல்லது என்மேல் இரக்கப்பட்டா, தெரியவில்லை.

இன்னொன்று. இதை எழுதாமல் ஒட்டினால் கடிதம் கனக்கும். அந்தத் தொண்டைக் காய்ச்சலுக்குப் பத்து நாள் மருந்து கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்தவன் நான். படகு நகரும்போது நீ மேல்தட்டில் நின்று எதையோ திரும்பத் திரும்ப வாயசைத்தாய். முத்தம் கொடுக்கிறாய் என்று நினைத்து நானும் இரண்டு கையாலும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள்கூட வெட்கப்பட்டார்கள். "மருந்து, மருந்து" என்றுதான் சொல்லியிருக்கிறாய் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் விளங்கியது. டாக்டரம்மாவிடமும் சொன்னேன். மருந்தே சாப்பிடாமல் தப்பிய பிள்ளைகளும் உண்டு, பழசைத் தோண்டாதீர்கள், இனி ஊசித் தேதியை விடாதீர்கள் என்றார்.

கடவுள் உனக்குத் தைரியம் தரட்டும். மிச்சமிருந்தால் கொஞ்சம் அடுத்த படகில் போட்டு அனுப்பு.

உன்,
ரொட்டிக்காரன்


வெள்ளி

அன்பில் குறையாதவளுக்கு,

உன் பதில் வந்தது. சுண்டு மறுநாளே உனக்குத் தனியாக எழுதிய கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். வாக்கியங்கள் மலை ஏறி இறங்கும், பொறுமையாக வாசி. ஒன்றரை மாதத்துக்கு முன் அவளால் தன் பெயரையே ஒழுங்காக எழுத முடியவில்லை என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அது அழகான எழுத்து. இப்போது தோள் குலுக்கல் நின்றுவிட்டது. களைத்துப்போனால் மட்டும் விரல்கள் கொஞ்சம் பேசும். நேற்றுக் காலை சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டாள். ஒன்று இடம் மாறியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அப்படியே பள்ளிக்குப் போனாள்.

இரண்டாவது ஊசி திங்கட்கிழமை போட்டாயிற்று. ஊசி தொடுவதற்கு முன்னாலேயே அலறி முடித்துவிடுகிறாள். போடும்போது அமைதி. கேட்டால், கத்தவேண்டியதை முன்னாலேயே கத்திவிட்டால் வேலை மிச்சம் என்கிறாள். அடுத்த ஊசித் தேதியை மாவுக்காரர் அடுப்புச் சுவரில் கரியால் எழுதிவிட்டார். நான் மறந்தாலும் சுவர் மறக்காது என்கிறார். அவள் கைக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று தினமும் சாயந்திரம் அவளுக்கு ஒரு உருண்டை மாவு தருகிறார். கீழே போட்டாலும் மாவு உடையாது பார். மனுஷன் இதை யோசித்திருக்கிறார். பெற்றவனுக்குத் தோன்றவில்லை.

டீச்சர் கடைக்கே வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ரொட்டி கேட்கவில்லை, சுண்டுவைக் கேட்டார். கடைசி பெஞ்சில் உட்காரவைத்ததற்கும் பத்துத் தடவை எழுதவைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டார். நம் மகள் பெரிய மனசு பண்ணி, "பரவாயில்ல டீச்சர், எங்கப்பாவும் அப்படித்தான்" என்றாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மாவு மூட்டைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் கணக்கெடுப்பதுபோல் நின்றேன்.

மருந்துக்கடைக்காரர் ஊரெல்லாம் மார்தட்டுகிறார். "ருமாட்டிக்னு நான் அன்னிக்கே சொன்னேன். பிள்ளையைத்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்கிறார். உன் அக்கா ஊருக்குப் போகவில்லை. பொறாமை என்று சொன்னதற்குப் பிராயச்சித்தமாகத் தினமும் சுண்டுவுக்குத் தலைவாரிக் கதை சொல்கிறாள். சுண்டுவும் அதை முழுமையாக வசூலித்துக்கொள்கிறாள். பெரியவன் இரண்டு பையையும் தானே தூக்கிப்போகிறான். முட்டி வலி பாதி குறைந்துவிட்டது. பந்து விளையாட்டுக்குப் பதில் இப்போது தங்கைக்குக் கோடு போட்ட நோட்டில் எழுத்துப் பயிற்சி. எழுத்து கோட்டைத் தாண்டினால் திட்டுவதில்லை, கோட்டைத்தான் அழித்துக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ. கசிவு கூடவில்லை என்று குழலை வைத்துக் கேட்டதிலேயே தெரிகிறது என்றார் டாக்டரம்மா. ஓடலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு நட, வேகமாக வேண்டுமானால் நட என்றிருக்கிறார். அதனால் வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு நடை நடக்கிறாள்.

வேலையை விட்டுவிட்டு அடுத்த படகிலேயே வரட்டுமா என்று கேட்டிருந்தாய். டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவசியமில்லை, அம்மா முறைப்படி வேலை முடித்தே வரட்டும் என்றார். அதைத்தான் நானும் எழுதுகிறேன். அவசியமில்லை. இன்னும் இரண்டு மாதம்தானே. நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

ஆனால் உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். பிள்ளைகளுக்கு முத்தம், அக்காவுக்கு நன்றி, மாவுக்காரருக்கு வணக்கம், டாக்டரம்மாவுக்குத் தீவிலிருந்து சங்கு. எனக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரி. அலமாரியில் வைத்த மருந்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நீ நல்லவள், தெரியும். தூரத்தில் இருக்கிறவனை நோகடிக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். அப்படி நினைக்காதே. அடுத்த படகில் எனக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுது. வாய்க்கு வந்தபடி திட்டு. பக்கத்தில் நின்று திட்டுவதுபோல் எனக்குக் காதில் விழவேண்டும். திட்டி முடித்தபிறகு தாளில் இடமிருந்தால், வருகிற தேதியை எழுது.

உன்னுடைய,
ரொட்டிக்காரன்